கிடா யார் பொறுப்பில்? வெப்பமண்டலக் கறவை வெள்ளாட்டு இனவிருத்தி: ஓர் ஆய்வு

உலகில் உள்ள நூறு கோடிக்கும் மேற்பட்ட வெள்ளாடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமே வளர்கின்றன. வெள்ளாட்டுப் பால் உற்பத்தியில் முதலிடத்தில் இருப்பதும் இந்தியாதான். ஆயினும் கறவை வெள்ளாடு என்றதும் பாடநூல்களும் வளர்ச்சித் திட்டங்களும் முதலில் சுட்டுவது சுவிட்சர்லாந்தின் சானன், டோகன்பர்க் இனங்களையும் ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் ஆல்பைன் இனத்தையுமே. பிரான்சில் பால்பதிவுக்கு உட்பட்ட ஒரு சானன் ஆடு ஓர் ஈற்றில் 800 கிலோவுக்கு மேல் பால் தருகிறது. இந்தியாவின் பெயர்பெற்ற ஜமுனாபாரியோ நல்ல பராமரிப்பிலும் ஓர் ஈற்றுக்கு 200 லிட்டரை ஒட்டியே நிற்கிறது. இந்த இடைவெளியைக் குளிர்நாட்டுக் கிடாக்களைக் கொண்டு விரைவில் கடந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் 1970-களிலிருந்து வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் கலப்பினத் திட்டங்கள் நடந்தன. அவற்றில் எவை நிலைத்தன, எவை நிதி நின்றதும் கரைந்தன என்று பார்த்தால், விடை பெரும்பாலும் இனத்தின் பெயரில் கிடைப்பதில்லை. பொலிகிடாவை வைத்திருந்தவர் யார், எத்தனை காலம், எந்தக் கணக்கோடு என்பதில்தான் கிடைக்கிறது.

நீடித்த இனவிருத்தி என்பதற்கு இங்கே கொள்ளப்படும் பொருள் எளிமையானது: வெளியிலிருந்து வரும் பணமும் விலங்குகளும் நின்ற பின்னரும், ஆடு வளர்ப்போர் தம் கையிலுள்ள தீவனம், உழைப்பு, சந்தை ஆகியவற்றைக் கொண்டே, தலைமுறைக்குத் தலைமுறை மந்தையின் பயனைக் குறையாமல் காப்பதோ கூட்டுவதோ ஆகும். ஓர் ஆட்டின் ஒரு நாள் கறவையை மட்டும் வைத்து இதனை அளக்க முடியாது. ஓர் ஆடு எத்தனை மாதத்தில் முதல் ஈற்றுக்கு வருகிறது, ஈற்றுக்கு எத்தனை குட்டி போடுகிறது, அவற்றில் எத்தனை பிழைக்கின்றன, எத்தனை ஆண்டு மந்தையில் நிற்கிறது என்பனவும் சேர்ந்ததே வாழ்நாள் உற்பத்தி. உத்தரப் பிரதேசத்தின் பார்பாரி, உருவில் சிறியதாயினும், ஒன்றேகால் வயதை ஒட்டி ஈனத் தொடங்கி, இரட்டைக் குட்டிகளைப் பரவலாகத் தருகிறது. ஜமுனாபாரி முதல் ஈற்றுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. கட்டி வைத்துத் தீவனம் போடும் சிறு வீட்டில் இவ்விரண்டில் எது இலாபம் என்பதற்குக் கறவைக் கணக்கு மட்டும் விடை சொல்லாது.

வெப்பத்தின் தடை முதலில் கவனிக்கத்தக்கது. பால் சுரப்பு அதிகமாக அதிகமாக ஆட்டின் உடலுக்குள் உண்டாகும் வெப்பமும் அதிகமாகிறது. அசைபோடும் இரைப்பையில் நார்த்தீவனம் நொதிக்கும்போது வெளிப்படும் வெப்பமும் அதனோடு சேர்கிறது. சுற்றுப்புறமே சூடாகவும் ஈரமாகவும் இருக்கையில் இந்த வெப்பத்தை வெளியேற்ற முடியாத ஆடு, தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதன் விளைவாகப் பால் குறைகிறது, சினைப் பிடிப்பும் தளர்கிறது. வெண்தோல் கொண்ட சானனுக்குக் கடும் வெயிலில் தோல் புண்ணும் புற்றும் வரும் இடர் கூடுதலாக உண்டு. ஆகவே குளிர்நாட்டு இனங்களின் கலப்பு வெற்றி பெற்றதாகச் சொல்லப்படும் ஆப்பிரிக்க இடங்களை வரைபடத்தில் தேடிப் பார்ப்பது பயனுள்ளது. கென்யாவின் மேரு, நியேரி ஆகியவை கென்யா மலையைச் சுற்றிய மேட்டுநிலங்கள். நார்வே நாட்டு ஆடுகள் 1980-களில் கொண்டுவரப்பட்டு நிலைத்த தான்சானியாவின் ம்கெட்டா, உலுகுரு மலைத்தொடரில் உள்ளது. இவை நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பினும் குளிர்ந்த இடங்கள். அங்குக் கிடைத்த பயனை அப்படியே கடலோரச் சமவெளிக்கும் கரிசல் காட்டுக்கும் எடுத்துச் சொல்வது வெப்பமண்டலம் என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு தட்பவெப்பங்களைக் குழப்புவதாகும்.

ஆப்பிரிக்க அனுபவங்களில் மேரு மாவட்டத்தது விரிவாகப் பார்க்கத் தக்கது. ஃபார்ம் ஆப்பிரிக்கா என்ற தொண்டு நிறுவனம் 1990-களின் நடுவில் அங்குத் தொடங்கிய பணியில், பிரிட்டனிலிருந்து வந்த டோகன்பர்க் ஆடுகள் அரசுப் பண்ணையில் அடைக்கப்படாமல் உழவர் குழுக்களின் பொறுப்பில் விடப்பட்டன. தூய இன ஆடுகளைப் பெருக்கும் சிறு அலகுகள் சில வீடுகளிலும், நாட்டுப் பெட்டைகளைச் சேர்க்கைக்கு ஓட்டி வரும் கிடா நிலையங்கள் வேறு சில வீடுகளிலும் அமைந்தன. சேர்க்கைக்குக் கட்டணம் பெறப்பட்டது. ஊரிலேயே பயிற்சி பெற்றவர்கள் முதலுதவி மருத்துவம் செய்தனர். பின்னர் உழவர்கள் தமக்கென இனவிருத்திச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். நியேரிப் பகுதியில் ஜெர்மன் உதவியுடன் வந்த ஆல்பைன் ஆடுகளும் இதைப் போன்றே கென்யக் கறவை ஆட்டுச் சங்கத்தின் கைக்கு வந்தன. இவற்றில் புதுமை ஆட்டின் இனத்தில் இல்லை. கிடாவை ஒரு பொதுச் சொத்தாக்கி அதற்குக் கட்டணமும் பதிவேடும் வைத்ததில் இருந்தது.

இதே கென்யாவில் 1980-களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டுழைப்பில் உருவான இருபயன் ஆட்டின் கதை வேறு. டோகன்பர்க், ஆங்கிலோ-நுபியன் ஆகிய இரு வெளி இனங்களும், கல்லா, கிழக்காப்பிரிக்கச் சிற்றாடு ஆகிய இரு உள்ளூர் இனங்களும் கால் கால் பங்காகக் கலந்த ஓர் இனத்தை ஆக்குவது அதன் நோக்கம். மரபியல் நோக்கில் இது நன்கு எண்ணப்பட்ட திட்டமே. இரு வேறு இனங்கள் கலக்கும்போது முதல் தலைமுறையில் தோன்றும் கூடுதல் வலிமையைக் கலப்பின வீரியம் என்பர். இரு இனக் கலப்பின் குட்டிகளைத் தமக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அவ்வீரியத்தில் பாதி இழக்கப்படுகிறது. நான்கு இனங்கள் சம பங்காகக் கலந்த கூட்டினத்தில் முக்கால் பங்கு தங்கிவிடும் என்பது கோட்பாடு. ஆனால் கோட்பாட்டில் நின்ற வீரியம் ஊர்களை எட்டவில்லை. ஆராய்ச்சிப் பண்ணை ஈன்ற குட்டிகள் தேவைக்குச் சிறிதே. பெருக்கிப் பரப்பும் அமைப்பு வெளியே உருவாகவில்லை. ஆராய்ச்சி முடிந்தபோது எதிர்பார்த்த பரவலும் நின்றது.

எத்தியோப்பிய அனுபவம் இவ்விரண்டையும்விடக் கூர்மையான கேள்வியை எழுப்புகிறது. கிழக்கு மேட்டுநிலங்களில் ஆங்கிலோ-நுபியன் கிடாக்களை உள்ளூர்ச் சோமாலி ஆடுகளோடு கலந்த திட்டத்தின் விளைவை ஆராய்ந்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, பால், இறைச்சி ஆகியவற்றோடு எரு, அவசரத்துக்கு விற்றுப் பணமாக்கும் வசதி, சேமிப்பு ஆகியவற்றுக்கும் மதிப்பிட்டு நிகரப் பயனைக் கணக்கிட்டது. கலப்பின ஆடுகள் உள்ளூர் ஆடுகளைவிடக் கூடுதல் நிகரப் பயன் எதையும் தரவில்லை. பராமரிப்பு மேம்பட்ட வீடுகளில் இருவகை ஆடுகளுமே நன்கு பயன் தந்தன. கலப்பினத்தின் பெருமையாகக் கூறப்பட்டதில் ஒரு பெரும்பகுதி உண்மையில் தீவனத்துக்கும் மருத்துவத்துக்கும் சேர வேண்டிய பெருமை என்பதே இதன் பொருள். இந்த முடிவு வெளிவந்த பின்னரும் கலப்பினமே முன்னேற்றம் என்ற எழுத்து குறையவில்லை என்பது வியப்புக்குரியது. ஒரு திட்ட அறிக்கையில் இறக்குமதியான கிடாவைப் படம் பிடிப்பது எளிது, தீவன மரம் நட்டதைப் படம் பிடிப்பது கடினம் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

இந்தியாவிலும் இதே ஓட்டம் இருந்தது. கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் பஞ்சாபின் பீட்டல் ஆட்டோடு ஆல்பைன், சானன் கிடாக்களைச் சேர்த்துப் பார்த்தது. கேரளத்தின் மண்ணுத்தியில் மலபாரி ஆட்டோடு அவை கலக்கப்பட்டன. பண்ணைகளில் கலப்பினங்கள் கூடுதலாகக் கறந்தன; கிராமங்களில் ஓர் இனமாக நிலைபெறவில்லை. அதே காலத்தில் கையிருப்பிலேயே இருந்த நாட்டுக் கறவை இனங்களை அவற்றுக்குள்ளேயே தேர்ந்து உயர்த்தும் வேலை, 1971-இல் தொடங்கிய அனைத்திந்திய ஒருங்கிணைந்த வெள்ளாட்டு ஆராய்ச்சித் திட்டத்தின் வழியாகவும், 1979-இல் மதுராவை அடுத்த மக்தூமில் அமைந்த மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகவும் மெதுவாகவே நடந்தது.

அந்த இனங்கள் உலகுக்கு அளித்ததை நோக்கினால் இந்தப் புறக்கணிப்பு இன்னும் புரியாததாகிறது. ஜமுனாபாரியின் தாயகம் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், யமுனைக்கும் சம்பலுக்கும் இடைப்பட்ட சக்கர்நகர் பகுதியின் அரிப்புப் பள்ளத்தாக்குகள். முள்மரத் தழையை எட்டிக் கடிக்கும் நீண்ட கால்களும் தொங்கும் நீள்காதுகளும் கொண்ட இவ்வாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி, எகிப்து, ஆப்பிரிக்க ஆடுகளோடும் ஆங்கிலேய ஆடுகளோடும் கலந்து ஆங்கிலோ-நுபியன் இனத்தின் முன்னோர்களுள் ஒன்றாயிற்று. எத்தியோப்பியாவுக்கு மேம்பட்ட வெளிநாட்டு இனமாகச் சென்ற கிடாவின் குருதியில் எட்டாவாவின் பங்கு இருந்தது என்பது இத்துறையின் வரலாற்றில் ஒரு விநோதம். டச்சுக்காரர்கள் இதே ஆட்டை ஜாவாவுக்குக் கொண்டுசென்றனர். அங்கு உள்ளூர் ஆடுகளோடு கலந்து உருவான வழித்தோன்றலுக்கு இன்றும் பெரானக்கான் எட்டாவா என்றே பெயர். நடு ஜாவாவின் காலிகெசிங் மலைப்பகுதியில், தரையிலிருந்து உயர்த்திய மரப்பலகைக் கொட்டில்களில், கிளைரிசிடியா, பலா ஆகியவற்றின் தழை வெட்டிப் போட்டு வளர்க்கப்படும் இவ்வாடு, எந்த அயல்நாட்டுத் திட்டத்தையும் சாராமல் தலைமுறைகளாக நிற்கிறது. அதைத் தாங்கி நிற்பது பால் மட்டுமன்று. ஆட்டுப் போட்டிகளும், இனக் கிடாவுக்குக் கிடைக்கும் உயர்விலையும், தோட்டத்துக்கு வேண்டிய எருவுமே. இதில் ஒரு குறையும் உண்டு: போட்டியில் பரிசு பெறுவது வளைந்த மூக்கும் கருந்தலையும் நீண்ட காதும் ஆகையால், தேர்வு பாலை விட்டுத் தோற்றத்தின் பக்கம் சாய்கிறது. தமிழ்நாட்டில் ஜமுனாபாரியைக் காது நீளம் பார்த்து விலை பேசுவோரும் அதே சரிவில்தான் நிற்கின்றனர்.

நாட்டினத்துக்குள் தேர்ந்தெடுத்தல் ஏன் மெதுவாக நடக்கிறது என்பதற்கு மரபியல் காரணத்தைவிட நடைமுறைக் காரணமே பெரிது. பால் அளவின் மரபுவழித் திறன், அதாவது பெற்றோரிடம் காணப்படும் மேன்மையில் குட்டிகளுக்கு எதிர்பார்க்கத்தக்க பங்கு, வெள்ளாட்டில் ஏறக்குறைய 0.3; சராசரியைவிட 100 லிட்டர் கூடுதலாகக் கறக்கும் ஆடுகளையும் அதற்கு நிகரான கிடாக்களையும் தேர்ந்தால் அடுத்த தலைமுறை 30 லிட்டர் உயரும். இது போதுமான வேகமே. ஆனால் கிடா பால் கறப்பதில்லை; அதன் தகுதியை அதன் தாய், உடன்பிறந்த பெட்டைகள், மகள்கள் ஆகியவற்றின் கறவையிலிருந்துதான் அறிய வேண்டும். ஐந்தாறு ஆடு வைத்திருக்கும் வீட்டில் குட்டியும் குடித்து வீட்டாரும் கறக்கும் பாலை யார் அளப்பது? முந்தின இரவே குட்டியைப் பிரித்து வைத்து, காலையில் ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் அதை நிறுத்து, எஞ்சியதைக் கறந்து அளந்தால்தான் உண்மையான சுரப்பு தெரியும். மாதம் ஒரு முறையேனும் இதைச் செய்ய ஒருவருக்குக் கூலி தேவை; அந்தக் கூலியே பல திட்டங்களில் முதலில் வெட்டப்படும் செலவு.

கிடாக்களின் எண்ணிக்கை இரண்டாவது இடர். மூடிய மந்தையொன்றில் ஒரு கிடாவும் 50 பெட்டைகளும் இருந்தால், பார்வைக்கு 51 ஆடுகள் ஆயினும், மரபியல் கணக்கில் அதன் பயனுறு எண்ணிக்கை நான்குக்கும் குறைவே. ஒரு தலைமுறைக்குள் உறவுக் கலப்பு சுமார் 13 விழுக்காடு ஏறிவிடும். பயனுறு எண்ணிக்கை 50 ஆவது இருந்தால் இந்த ஏற்றம் தலைமுறைக்கு ஒரு விழுக்காட்டில் அடங்கும் என்பது உணவு வேளாண்மை நிறுவனம் முதலியவை ஏற்றுக்கொண்ட எல்லை. கிடா ஒன்று ஓர் ஊரில் சேர்க்கையைத் தொடங்கி ஐந்து மாதத்தில் மகள்கள் பிறந்து, மேலும் எட்டு, பத்து மாதத்தில் அவை பருவத்துக்கு வருவதால், ஒன்றேகால் ஆண்டுக்குள் அந்தக் கிடா அடுத்த ஊருக்கு மாற வேண்டும். கிடா மாற்றம் என்ற இந்த எளிய ஒழுங்கு, விலையுயர்ந்த எந்தக் கருவியையும் வேண்டாதது. ஊர்களுக்கிடையே ஒரு நம்பிக்கையை மட்டும் வேண்டுவது. உறைவிந்து முறை இதற்கு மாற்றாக முழுமையாக உதவுவதில்லை. கிடாவின் விந்துநீரிலுள்ள நொதி ஒன்று, உறைய வைக்கச் சேர்க்கும் முட்டை மஞ்சள் கருவோடு வினைபுரிந்து விந்தணுக்களைக் கெடுப்பதால் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. சிதறிய வீடுகளில் பருவத்துக்கு வந்த ஆட்டை உரிய நேரத்தில் கண்டறிவதும் மாட்டில் உள்ளதைப் போல எளிதன்று.

கொம்பில்லாத ஆட்டை விரும்புவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. ஐரோப்பியக் கறவை இனங்களில் கொம்பின்மைக்குக் காரணமான மரபுக் குறை, தாய் தந்தை இரு வழியிலும் வந்து சேரும்போது, பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டியை இருபால் குழப்பமுடைய மலடாக்கி விடுகிறது. 2001-இல் இதன் மரபணு அடிப்படை கண்டறியப்பட்டது. ஆகையால் கொம்பில்லாக் கிடாவைக் கொம்புள்ள பெட்டையோடு மட்டுமே சேர்ப்பது வழக்கம். கையாள எளிது என்று இரு பக்கமும் கொம்பில்லாதவற்றைத் தேர்ந்தவர் தம்மை அறியாமலே பெட்டைகளை இழப்பார்.

நோய்களைப் பொறுத்தவரை, இறக்குமதி ஆடுகளோடு இறக்குமதி நோய்களும் வருகின்றன. மூட்டு வீக்கமும் மடி இறுக்கமும் தரும் ஒரு நச்சுயிரி நோய், மேலைநாட்டுக் கறவை ஆடுகளின் வழியாகவே கென்யா முதலிய நாடுகளுக்குச் சென்றதை 1980-களின் ஆய்வுகள் காட்டின. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. 2030-க்குள் அதை உலகிலிருந்தே ஒழிக்க இலக்கு வைக்கப்பட்டுள்ளது. தடுப்பூசியால் தீராதது இரத்தம் உறிஞ்சும் குடற்புழு. ஈரமான வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் பெருகும் இப்புழு மருந்துகளையும் தாங்கப் பழகிவிட்டதால், எதிர்ப்புத்திறனைத் தேர்வின் ஓர் அளவுகோலாக்குவது கறவையைத் தேர்வதற்கு இணையான தேவை. கென்யக் கடலோரத்தில் நடந்த ஒப்பீட்டில் கிழக்காப்பிரிக்கச் சிற்றாடு, உருவில் பெரிய கல்லாவைவிட இப்புழுவை நன்கு எதிர்த்தது. சிறிய ஆடு தாழ்ந்த ஆடு என்ற எண்ணத்துக்கு இது ஒரு மறுப்பு.

தீவனக் கணக்கு எல்லாத் தேர்வுக்கும் எல்லை வகுக்கிறது. 40 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு அதன் எடையில் நான்கு விழுக்காடு உலர்தீவனம் என்று கொண்டால் நாளுக்கு 1.6 கிலோ, முழுவதும் பசுந்தழையாகக் கொடுத்தால் ஐந்து கிலோவுக்கு மேல். மேய்ச்சல் புறம்போக்குகள் சுருங்கிய இடங்களில் இதற்கு அகத்தி, கிளைரிசிடியா, சவுண்டல், வேலிமசால் ஆகியவற்றை வரப்பிலும் வேலியிலும் வளர்ப்பதே வழி. சவுண்டலில் உள்ள மைமோசின் என்ற நச்சு கால்நடைகளுக்குத் தீங்கு செய்வதால் ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் அதன் பயன் தடைப்பட்டது. ஹவாய்த் தீவின் ஆடுகள் அதைத் தின்றும் நலமாக இருந்ததைக் கவனித்த ரேமண்ட் ஜோன்ஸ், அவற்றின் இரைப்பையில் அந்நச்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் வாழ்வதைக் கண்டு, 1980-களில் அதை ஆஸ்திரேலிய மந்தைகளுக்கு மாற்றிக் கொடுத்தார். நான்கு லிட்டர் கறக்கும் மரபை வாங்கி, ஒரு லிட்டருக்கான தழையை மட்டும் போடும் வீட்டில் அந்த மரபு மெலிவாகவும் சினைப்பிடியாமையாகவுமே வெளிப்படும்.

பாலுக்குச் சந்தை இருக்கிறதா என்ற கேள்வி கடைசியில் கேட்கப்படுவது வழக்கம். முதலில் கேட்க வேண்டியது அது. இறைச்சி விலை உயர்ந்த ஊரில், பாலைக் கறந்து விற்பதைவிடக் குட்டிக்கு விட்டு வளர்த்து விற்பதே இலாபம். 2019 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 99 இலட்சம் வெள்ளாடுகள் இருந்த தமிழ்நாட்டில், கன்னி, கொடி, சேலம் கருப்பு ஆகிய மூன்று நாட்டினங்களும் இறைச்சிக்கே வளர்க்கப்படுவதன் காரணம் இதுவே. கறவை என்ற பெயரில் இங்கு வாங்கப்படுவது ஜமுனாபாரியும், தலைச்சேரி ஆடு என்று அறியப்படும் மலபாரியும். இதற்கு மாறாக, பிரேசிலின் வறண்ட வடகிழக்கில், பராய்பா மாநிலத்தின் கரிரி பகுதியில், ஏழைக் குடும்பங்களுக்கு வழங்குவதற்காக அரசே ஆட்டுப்பாலைக் கொள்முதல் செய்ததால் கறவை ஆடு அங்கே ஒரு தொழிலாக எழுந்தது. அதன் மறுபக்கமாக, மோஷோட்டோ போன்ற உள்ளூர் இனங்கள் வெளியினக் கலப்பில் அருகின.

பாலின் தரத்திலும் நாட்டினங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. பாலாடைக்கட்டி உறைவதற்கு வேண்டிய கேசின் புரதத்தின் ஒரு வகையை மிகுதியாகச் சுரக்கும் மரபணு வடிவங்கள் இந்திய ஆடுகளில் பரவலாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்துள்ளது. ஐரோப்பியர்கள் தேடித் தேர்ந்து சேர்த்த பண்பு இது. ஆட்டுப்பாலைப் பற்றிய மிகைக்கூற்றுகள் இத்துறைக்கு உதவுவதில்லை. டெங்கு பரவும் பருவங்களில் வட இந்திய நகரங்களில் அதன் விலை பன்மடங்கு ஏறுவது நம்பிக்கையினால், சான்றினால் அன்று. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் குறைவாதலால், அதை மட்டுமே ஊட்டி வளர்க்கும் கைக்குழந்தைக்கு இரத்தசோகை வரக்கூடும். காய்ச்சாத பாலின் வழியே புருசெல்லா நோயும் தொற்றும்.

ஆட்டின் முழு மரபணுத் தொகுதியின் வரைவு 2013-இல் வெளியான பின், குட்டியின் இரத்தத் துளியைக் கொண்டே அதன் எதிர்காலக் கறவையைக் கணிக்கும் மரபணுத் தேர்வில் நம்பிக்கை வளர்ந்துள்ளது. பிரான்சில் அது பயன்படக் காரணம், பல்லாண்டுக் கறவைப் பதிவு பின்னால் நிற்பது. பதிவில்லாத மந்தையின் மரபணுவைப் படிப்பதில் கணிக்க எதுவும் இல்லை. ஆகவே வெப்பமண்டலத்தில் இப்போது பயன் தரக்கூடியது சமூகவழி இனவிருத்தி எனப்படும் முறையே. எத்தியோப்பியாவில் 2009-இல் செம்மறிகளோடு தொடங்கி, பாலையும் தேர்வுக்கு எடுத்துக்கொண்ட அபெர்கெல்லே வெள்ளாடுகள் வரை விரிந்த இம்முறையில், எந்தப் பண்பு வேண்டும் என்பதை ஊராரே முடிவு செய்கின்றனர். ஊரைச் சேர்ந்த ஒருவர் அளந்து பதிகிறார். குழு கூடிக் கிடாக்குட்டிகளைத் தேர்கிறது. இதன் கடினமான முடிச்சு ஆய்வகத்தில் இல்லை. வேகமாக வளரும் கிடாக்குட்டிதான் சந்தையில் முதலில் விலைபோவது. பக்ரீத்தும் ஊர்க்கொடையும் நெருங்கும்போது மந்தையின் சிறந்த மரபு கறிக்கடைக்குப் போக, விலைபோகாத குட்டி பொலிகிடாவாக மிஞ்சுகிறது. தேர்ந்த குட்டியை ஓராண்டு விற்காமல் வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த விலையை உடனே தரக்கூடிய ஒரு சுழல்நிதி சங்கத்தின் கையில் இருந்தாலொழிய, தாயின் கறவையை எவ்வளவு துல்லியமாக அளந்து வைத்திருந்தாலும் அதன் மகன் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்வதில்லை.